பச்சைப் புள்ளியும் எழுதப்படாத முடிவும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மூன்று நாடுகளில் இருந்தபடி வேலை செய்யும் 11 பேர் கொண்ட ஒரு மென்பொருள் குழுவுக்கு ஓராண்டாகத் தலைவராக இருக்கிறேன். தினமும் காலையில் காணொளிக் கூட்டம் நடத்துகிறேன். சாட்டில் யார் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது என்பதையும் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். ஆனாலும் வேலை தேங்குகிறது. ஒரே கேள்வியை நான்கு பேர் தனித்தனியாகக் கேட்கிறார்கள். எங்கே தவறுகிறேன்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே கேள்வியை நான்கு பேர் கேட்கிறார்கள் என்றால், அதற்கான பதில் உங்கள் மனத்தில் இருக்கிறதே தவிர, அவர்கள் தேடி எடுக்கக்கூடிய இடத்தில் எழுதி வைக்கப்படவில்லை என்று பொருள். அலுவலகத்தில் இந்தக் குறை வெளியே தெரியாது. அடுத்த மேசையில் நடக்கும் பேச்சு காதில் விழுந்தே பாதி விஷயம் புரிந்துவிடும். 1970களில் பொறியாளர்களின் தொடர்புகளை ஆராய்ந்த அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன், இருவரின் இருக்கைகளுக்கு இடையே ஏறத்தாழ 50 மீட்டர் தூரம் வந்துவிட்டாலே வேலை பற்றிய பேச்சு வெகுவாகக் குறைந்துவிடுவதைக் கண்டார். அப்படியிருக்க, கடல் கடந்து இருப்பவர்களுக்கு எதுவும் தானாகப் போய்ச் சேராது.

நான் ஒரு குழுவை நடத்திய காலத்தில், பதிவுப் படிவத்திலிருந்து ஒரு கட்டத்தை நீக்கிவிடுவது என்று மாலைக் கூட்டத்தில் மூன்று பேர் பேசி முடிவெடுத்தோம். எங்களைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கும் நாட்டிலிருந்து வேலை செய்த சக ஊழியர் அப்போது உறங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் முழுவதும் அந்தக் கட்டத்துக்கான சோதனைகளையே அக்கறையாக எழுதி அனுப்பினார். அவர் கோபப்படவில்லை. “முன்பே சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் எழுதினார். அந்த வரி இன்றும் என்னை உறுத்துகிறது. அன்றிலிருந்து எந்த முடிவானாலும் அன்றே நான்கு வரிகளில் எழுதிவிடுகிறேன்: என்ன முடிவு, ஏன், எதைக் கைவிட்டோம், யார் பொறுப்பு. இவற்றில் ‘ஏன்’ என்பதை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். காரணம் தெரிந்தவர்தான், நீங்கள் உறங்கும் நேரத்தில் எழும் அடுத்த சிக்கலை உங்களுக்காகக் காத்திராமல் தீர்ப்பார்.

பச்சைப் புள்ளியைப் பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். மவுஸ் அசைகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தில் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் உடன் ஆய்வாளர்களும் 2010-11இல் ஒன்பது மாதம் நடத்திய பரிசோதனையில், வீட்டிலிருந்து வேலை செய்த கால் சென்டர் ஊழியர்களின் செயல்திறன் 13 விழுக்காடு கூடியது. ஆனால் அதே அளவு திறன் காட்டிய அலுவலக ஊழியர்களோடு ஒப்பிட்டால், இவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் கவலை தருகிறது. கண்ணில் படாதவர் கருத்திலும் படாமல் போய்விடுகிறார். அதைத் தடுக்க வேண்டியது தலைவரின் கடமை. ஆகவே வாரம் ஒருமுறை ஒவ்வொருவருடனும் தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். 11 பேருக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். பணி நிலவரம் எழுத்தில் வரட்டும். இந்தப் பேச்சில், எது தடையாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருங்கள்.

கூட்டம் காலையில் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்குக் காலை. வாரத்துக்கு இரண்டாகக் குறைத்து, நேரத்தையும் சுழற்சி முறையில் மாற்றுங்கள். அகாலத்தில் கண்விழிக்கும் முறை முதல் வாரத்தில் உங்களுடையதாக இருக்கட்டும்.