பதில்: தீ வேலியோடு நின்றுவிடுமா?

ஒட்டுசுட்டானில் காட்டோரக் காணி, கிடுகுக் கூரைக் குசினி. காட்டுத்தீ எப்படிப் பரவும் என்று கணிக்கும் ஃபார்சைட் என்ற கணினி நிரலில் ஓட்டினால் தீ வேலியோடு நின்றுவிடுகிறது, நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம்பாதீர்கள். வளவை 'எரியாத நிலம்' என்று குறித்திருப்பீர்கள், அதனால்தான் நிற்கிறது. அந்த நிரலுக்கு அடிப்படை, 1972இல் அமெரிக்கத் தீ ஆய்வாளர் ரொதர்மெல் தந்த சமன்பாடு. அது புல், சருகு, பற்றை எரிவதைத்தான் கணக்கிடும். கூரையில் பொறி விழுந்தால் என்னவாகும் என்று அதற்குத் தெரியாது. வீடுகள் பெரும்பாலும் பற்றுவதோ பறந்துவரும் பொறியால். நிரலில் உள்ள எரிபொருள் வகைகளும் (எரியும் புல், பற்றை வகைகள்) அமெரிக்கத் தாவரங்களுக்கு வகுத்தவை, நம்மூர் இலுக்குப் புல்லுக்கு அப்படியே பொருந்தாது.

சரி, வீணில்லை. சோளகக் காற்றின் வேகத்தையும் புல்லின் ஈரப்பதத்தையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். தீ எந்தப் பக்கத்தால் வரும் என்று பிடிபடும். அதற்கு முன் குசினிக்குத் தகரம் போடுங்கள். சுவரிலிருந்து 1.5 மீற்றருக்குள் விறகு, பொச்சு வேண்டாம். பற்றையை எரித்துத் துப்பரவாக்க மட்டும் போகாதீர்கள், மண்ணுக்குள் போர்க்காலத்துப் பழைய வெடிபொருள் கிடக்கலாம்.