கையேட்டில் 'அழுத்தவும்' என்பதா, 'அழுத்துங்கள்' என்பதா?

கேள்வி: தண்ணீர் மோட்டாருக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுகிறேன். 'அழுத்தவும்', 'அழுத்துங்கள்', 'அழுத்தப்பட வேண்டும்' மூன்றும் கலந்து வருகின்றன. எதை வைத்துக்கொள்வது?

பதில்: மூன்றிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் செயப்பாட்டு வினையை முதலில் எடுத்துவிடுங்கள். 'வால்வு மூடப்பட வேண்டும்' என்று படிப்பவருக்கு, மூட வேண்டியவர் தானா, மெக்கானிக்கா, கருவியே மூடிக்கொள்ளுமா என்பது தெரியாது. 'வால்வை மூடுங்கள்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. 'நீங்கள்' என்று தனியாக எழுதவும் வேண்டியதில்லை, வினைமுற்றே முன்னிலையைக் காட்டிவிடும்.

கருவி தானாகச் செய்வதைச் சொல்லவும் 'படு' தேவையில்லை. அதற்குத் தமிழில் தன்வினை, பிறவினை என்ற அருமையான வசதி இருக்கிறது. 'தொட்டியை நிரப்புங்கள்' ஆள் செய்வது. 'தொட்டி நிரம்பும்' தானாக நடப்பது. 'மோட்டாரை நிறுத்துங்கள்', 'மோட்டார் நிற்கும்' என்பதும் இப்படித்தான்.

'அழுத்தவும்' அறிவிப்புப் பலகைக்கும் படிவத்துக்கும் பழகிய வடிவம். தொடர்ந்து படிக்கும் கையேட்டில் அது சிக்கல் தரும். 'திறக்கவும் மூடவும் இந்தக் குமிழைத் திருப்பவும்' என்ற வரியைப் பாருங்கள்: முதல் இரண்டு 'வும்' நோக்கம், மூன்றாவதுதான் கட்டளை. 'பொத்தானை அழுத்தவும் மோட்டார் ஓடும்' என்பதில் முற்றுப்புள்ளி விடுபட்டால், 'அவர் வரவும் மழை பிடித்துக்கொண்டது' என்பதுபோல 'அழுத்தியதும்' என்று பொருள்படும். அதனால் உங்கள் கையேட்டுக்கு 'அழுத்துங்கள்' என்பதே என் தேர்வு. பொத்தானின் மேல் மட்டும் 'நிறுத்து' என்று ஒருமையில் இருக்கட்டும். அது பயனர் கருவிக்கு இடும் ஏவல். மரியாதைக் குறைவு ஆகாது.

தடை சொல்லும்போது கூடுதல் கவனம் வேண்டும். 'மூடியைத் திறக்க வேண்டாம்' என்பதைத் 'திறக்கத் தேவையில்லை' என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஆபத்து உள்ள இடத்தில் 'திறக்காதீர்கள்' என்றே எழுதுங்கள். 'திறக்கலாம்' என்பது விருப்பத்துக்கு விடும் வேலைகளுக்கு மட்டும்.

'வால்வைத் திறந்து, நீர் ஊற்றி, மூடி, பொத்தானை அழுத்துங்கள்' என்று எச்சங்களை அடுக்காதீர்கள். நான்கு வேலைகள் ஒரே வரியில் வந்தால், கருவியைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர் விட்ட இடத்தைத் தேட வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, 'மூடி' என்பதை இங்கே பெயர்ச்சொல்லாகவும் படிக்கலாம். ஒரு வரிக்கு ஒரு வினைமுற்று, மிஞ்சினால் ஓர் எச்சம்.

கலந்துபோன வரைவைச் சரிசெய்ய, கோப்பில் 'ப்பட வேண்டும்', 'வேண்டாம்', 'வும்' ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுங்கள். மூன்றையும் மொத்தமாக 'எல்லாவற்றையும் மாற்று' கொடுத்துவிடாதீர்கள். 'மேலும்' என்ற பொருளில் வரும் 'வும்' எல்லாம் சேர்ந்து கெட்டுவிடும்.