இறுவட்டில் லேபல் அச்சிடல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூடப் பரிசளிப்பு என்று வீடியோவை இறுவட்டில் கேட்கிறவர்கள் வன்னியில் இன்னும் இருக்கிறார்கள். பெயரும் படமும் அச்சிட்டுக் கொடுத்தால் அவர்களுக்கும் சந்தோஷம். ஆனால் வந்த கேள்விகளில் பல, லேபல் போட்ட பிறகு தட்டு ஓடவில்லை என்பதாகவே இருக்கின்றன. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கலியாண வீடியோ டிவிடிக்குக் காகித லேபல் ஒட்டிக் கனடாவுக்கு அனுப்பினேன். இங்கே நன்றாக ஓடியது. அங்கே கடைசி அரை மணித்தியாலம் நின்று நின்று ஓடுகிறதாம். தட்டுப் பழுதா? (புதுக்குடியிருப்பு)

தட்டை விட லேபலில்தான் சந்தேகம். டிவிடி என்பது 0.6 மிலிமீற்றர் தடிப்புள்ள இரண்டு தகடுகளை ஒட்டியது. பதிவு அவற்றுக்கு நடுவே இருக்கிறது. மாரிக்கால ஈரத்தில் ஒட்டிய காகிதம், ஹீற்றர் போட்ட வீட்டின் வரண்ட காற்றில் சுருங்கும். சுருங்கும்போது தட்டின் விளிம்பை மேலே இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவே போதும், லேசர் தடத்தை விட்டுவிட. சீடியில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மிலிமீற்றரின் ஆயிரத்தில் ஒன்று) இடைவெளி, டிவிடியில் 0.74 மைக்ரோன்தான். அதனால்தான் சீடி பொறுத்துக்கொள்ளும் லேபலை டிவிடி பொறுப்பதில்லை. பதிவு உள்ளே தொடங்கி வெளியே போகும் என்பதால், விளிம்பு வளைந்தால் அடிபடுவது படத்தின் கடைசிப் பகுதி.

லேபலை உரிக்கச் சொல்லவேண்டாம். டிவிடி அந்த இழுப்பில் இன்னும் வளையலாம். சீடியில் உரித்தால் வெள்ளிப் பூச்சே லேபலோடு கழன்று வந்துவிடும், பிறகு ஒன்றும் மிஞ்சாது. கணினியில் போட்டு, குறைந்த வேகத்தில் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு ட்ரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிப்பதும் உண்டு.

இனிமேல் டிவிடிக்குக் காகித லேபல் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. எந்த முறையில் அச்சிட்டாலும் தட்டை விளிம்புவரை நிரப்பாதீர்கள். 4.7 ஜீபி என்று போட்டிருக்கும் தட்டு, கணினிக் கணக்கில் 4.38 ஜீபிதான் கொள்ளும். படத்தை 4 ஜீபிக்குள் அடக்கினால், சிக்கல் வரும் வெளி விளிம்புக்கே பதிவு போகாது.

காகித லேபல்தான் கைவசம் இருக்கிறது, சீடிக்குத்தான் ஒட்டப்போகிறேன். லேசர் பிறின்டரில் அச்சிடலாமா? (துணுக்காய்)

லேபல் தாள் பெட்டியில் லேசருக்கு என்று போட்டிருந்தால் மட்டும். இன்க்ஜெட் லேபலை லேசரில் விட்டால், உள்ளே இருக்கும் சூடான உருளையில் பசை இளகி ஒட்டிக்கொள்ளும், திருத்தச் செலவு லேபலின் விலையைப் போலப் பல மடங்கு. ஒட்டும்போது கையால் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். நடுவில் குமிழ் உள்ள ஒட்டும் கருவியால் ஒரே அமுக்கில் ஒட்டவேண்டும். ஒரு மிலிமீற்றர் விலகினாலும் வேகமாகச் சுழலும்போது தட்டு அதிரும். வாகனத்தில் ஓடப்போகிற சீடிக்கு லேபலே ஒட்டாதீர்கள். வெயிலில் நின்ற வானுக்குள் பசை இளகி, தட்டு உள்ளேயே சிக்கும்.

பள்ளிக்கூட விழாக்களுக்கு ஒரு தடவைக்கு நாற்பது, ஐம்பது டிவிடி கொடுக்கிறோம். நேரடியாகத் தட்டில் அச்சிட எந்தப் பிறின்டர்? எப்படிச் செய்வது? (கிளிநொச்சி)

தட்டை வைக்கும் தனி ட்ரே உள்ள இன்க்ஜெட் பிறின்டர் வேண்டும். எப்சனில் டி60, எல்800, எல்805, எல்850, எல்8050 ஆகியவற்றுக்கு இந்த வசதி இருக்கிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எல்3110, எல்3250 ஆகியவற்றுக்கு இல்லை. மை டாங்கி இருந்தால் எல்லாம் அச்சிடும் என்று நினைத்து வாங்கி ஏமாறாதீர்கள். பழையது வாங்கினால் ட்ரே கூடவே வருகிறதா என்று முதலில் பாருங்கள். அது எல்லா மொடலுக்கும் ஒன்றல்ல, ஒன்றின் ட்ரே மற்றதற்குப் பொருந்தாமல் போகலாம். கடையிலேயே நொசில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு) அச்சிடச் சொல்லி, ஆறு நிறமும் கோடு அறாமல் வருகிறதா பாருங்கள்.

தட்டு, 'இன்க்ஜெட் பிறின்டபிள்' என்று உறையில் போட்ட வெள்ளை முகத் தட்டாக இருக்கவேண்டும். சாதாரண வெள்ளித் தட்டில் மை முத்து முத்தாக நிற்கும், காயாது, விரல் பட்டால் வழித்துக்கொண்டு போகும். அதற்கு மாற்று வழி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

முதலில் பதிவு செய்யுங்கள், பிறகு அச்சிடுங்கள். அச்சிடக் கையாளும்போது அடிப்பக்கத்தில் படும் விரல் அடையாளமும் தூசியும் பதிவைக் கெடுக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் யன்னல் திறந்த அறை என்றால் சொல்லத் தேவையில்லை. பதிந்து, பதிவு சரியா என்று பார்க்கும் வெரிஃபையை ஓடவிட்டு, சரியென்று வந்த தட்டை மட்டும் அச்சுக்கு எடுத்தால் மையும் மிச்சம்.

அடுத்தது அளவு. தட்டின் விட்டம் 120 மிலிமீற்றர், நடு ஓட்டை 15. வெள்ளைப் பூச்சு எங்கே தொடங்குகிறது என்பது தட்டுக்குத் தட்டு மாறும். சிலதில் ஏறக்குறைய 46 மிலிமீற்றரில், முழு முகத் தட்டில் 22, 23 மிலிமீற்றரில். அடிமட்டத்தால் அளந்து, தட்டு அச்சிடும் மென்பொருளில் உள் விட்டத்தை அதைவிட 1 மிலிமீற்றர் கூட்டியும் வெளி விட்டத்தை 1 மிலிமீற்றர் குறைத்தும் போடுங்கள். பூச்சைத் தாண்டி நடு வளையத்தின் வெறும் பிளாஸ்டிக்கில் விழும் மை நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும், அங்கிருந்து பிளேயரின் சுழலிக்கு ஏறும்.

பிறின்டரைப் போட்டு, லைட் மினுங்கி முடியும்வரை பொறுத்துத்தான் ட்ரேயைச் செருகவேண்டும். வெள்ளை முகம் மேலே. ட்ரேயில் உள்ள அம்புக்குறி பிறின்டரின் குறியோடு நேராக நிற்கும்வரை மட்டும் தள்ளுங்கள். தாள் வகையில் சீடி/டிவிடி என்று தெரிவு செய்யுங்கள். சாதாரணத் தாள் என்று விட்டால் நிறம் வேறாக வரும். அச்சிட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், வெயில் படாத மேசையில் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் உறையில் போடவேண்டும். ஐம்பது தட்டு என்றால் அதற்கு இடம் வேண்டும், விழாவுக்கு முதல்நாள் இரவு தொடங்கும் வேலை இல்லை.

படம் எப்போதும் இரண்டு மிலிமீற்றர் இடப்பக்கம் தள்ளி விழுகிறது. (மாங்குளம்)

எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு என்றால் நல்லது, அது அளவுத் திருத்தம் மட்டுமே. அச்சு இடத்தைச் சரிசெய்யும் பகுதி மென்பொருளில் இருக்கும். பழுதான தட்டொன்றில் சோதனை அச்சு எடுத்து, விலகலை அளந்து அதில் போடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம் போனால், ட்ரே வளைந்திருக்கும், அல்லது தட்டு குழிக்குள் முழுதாக அமரவில்லை. வெயிலில் வைத்த ட்ரே வளைவது சாதாரணம்.

லேபல் மென்பொருளில் தமிழ் அடித்தால் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம். பாமினியில் அடித்தால் சரி. ஏன்? (வவுனியா)

பாமினி பழைய எழுத்துரு. அதில் கொம்பை நீங்களே முதலில் அடிக்கிறீர்கள், மென்பொருள் அப்படியே வைக்கிறது. யூனிகோடில் 'கொ' என்பதைக் கொம்பும் காலும் பிரித்துச் சேர்த்துக் காட்டும் வேலை மென்பொருளுடையது. பழைய லேபல் மென்பொருள்களுக்கு அது தெரியாது. ஃபோட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில், டைப் அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தெரிவு செய்தால் சரியாகும். பாமினியையே பாவிப்பதென்றால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக்கள்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் பொதுவான வழி: லேபலை வேறு மென்பொருளில் வரைந்து, படமாகச் சேமித்து, அச்சு மென்பொருளில் பின்னணிப் படமாகப் போடுங்கள். 120 மிலிமீற்றருக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 1417 பிக்ஸல் சதுரம். விளிம்பிலிருந்தும் நடு வளையத்திலிருந்தும் 3 மிலிமீற்றராவது விட்டு எழுத்து வையுங்கள். கடும் நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் தடித்த எழுத்தே வேண்டும். மை பரவும்போது 'ணி', 'ழ' போன்றவற்றின் மெல்லிய சுழிகள் மூடிப்போகும். மணமக்கள் பெயர் வாசிக்க முடியாமல் போனால் பிறகு எவ்வளவு அழகான படம் இருந்தும் பலனில்லை.

ஈரக் கை பட்டால் மை கரைகிறது. (முல்லைத்தீவு)

இந்தப் பிறின்டர்களின் மை நீரில் கரையும் சாய மை, கடற்கரைக் காற்றில் காயவும் கூட நேரம் எடுக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, நிறமற்ற அக்ரிலிக் ஸ்ப்ரேயை ஓரடி தூரத்திலிருந்து இரண்டு மெல்லிய பூச்சாக அடிக்கலாம். தட்டின் அடிப்பக்கத்தைத் தாளில் படியவைத்து, நடு ஓட்டையை மூடிவிட்டு அடியுங்கள். வாசிக்கும் பக்கத்தில் ஒரு துளி தெறித்தாலும் அந்தத் தட்டு முடிந்தது. தடிப்பாக அடித்தால் மை கரைந்து ஓடும். சிலர் கரையாத மை என்று பிக்மென்ட் மையை டாங்கியில் ஊற்றுகிறார்கள். சாய மைக்குச் செய்த ஹெட் (மை தெளிக்கும் பகுதி) அடைத்துக்கொள்ளும், அதைச் செய்யவேண்டாம்.

மார்க்கரால் எழுதினால் போதாதா? (மல்லாவி)

ஒன்றிரண்டு தட்டுக்குத் தாராளமாகப் போதும். நீர் மை மார்க்கர், மெல்லிய ஃபெல்ட் முனை. குமிழ்முனைப் பேனை கூடவே கூடாது: சீடியின் பதிவு மேல் முகத்துக்குச் சற்றுக் கீழேதான், அதைக் காப்பது ஒரு மெல்லிய வார்னிஷ் படலம் மட்டும். மிகவும் முக்கியமான பதிவென்றால் நடுவில் கண்ணாடி போலத் தெரியும் வளையத்தில் ஓர் இலக்கத்தை எழுதி, விபரத்தை உறையில் எழுதுங்கள்.

பழைய மடிக்கணினியில் லைட்ஸ்கிரைப் என்று இருக்கிறது. பயன்படுமா? (நெடுங்கேணி)

எச்பி 2004இல் கொண்டுவந்த முறை. தட்டைத் தலைகீழாகப் போட்டால் அதே லேசர் முகத்தில் படம் கீறும். ஒரே நிறம், முழுப் படத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல், வெளிச்சத்தில் மங்கும். அதற்கான தனித் தட்டு கைவசம் இருந்தால் விளையாடிப் பாருங்கள், தேடி அலையவேண்டாம்.

பாதி அச்சில் கரண்ட் போய் ட்ரே உள்ளே நின்றுவிட்டது. (ஒட்டுசுட்டான்)

இழுக்காதீர்கள், பற்சில்லு உடையும். கரண்ட் வந்து பிறின்டரைப் போட்டதும் பெரும்பாலும் தானே வெளியே தள்ளும். அதே தட்டில் மறுபடி அச்சிட்டால் ஏற்கெனவே விழுந்த பாதியில் மை இரட்டித்துக் கறுக்கும், ஆகவே அதை இட அளவு பார்க்கும் சோதனைத் தட்டாக ஒதுக்குங்கள். கணினிக்கு யூபிஎஸ் இருந்தால் பிறின்டரையும் அதில் கொடுங்கள், இன்க்ஜெட் இழுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். லேசர் பிறின்டரை மட்டும் அதில் செருகாதீர்கள்.