பாதாம் பாலில் கேக் ஏன் உதிர்கிறது?

கேள்வி: என் மகனுக்குப் பால் ஒவ்வாமை. பாதாம் பாலில் கேக் செய்தேன். வெளுத்துப்போய், வெட்டும்போதே உதிர்ந்துவிட்டது. அதே பாலைத் தக்காளி சூப்பில் ஊற்றினேன், திரிந்துவிட்டது. பேக்கிங்குக்கு ஏற்றது என்று கடைக்காரர் இருமடங்கு விலையில் வேறொரு பாலைக் காட்டுகிறார். எதை வாங்குவது?

பதில்: மிச்சமிருக்கும் பாதாம் பால் பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிடுவார்கள். முதல் பெயர் தண்ணீர். அடுத்து பாதாம், பக்கத்தில் பெரும்பாலும் 2 சதவீதம், 3 சதவீதம் என்று ஓர் எண் இருக்கும். முன்பக்கப் படத்தில் பருப்பைக் குவியல் குவியலாகக் கொட்டியிருப்பார்கள்! 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 3.3 கிராம் புரதம் இருக்கிறது. கடையில் விற்கும் பாதாம் பாலில் அரை கிராம் தேறினால் அதிகம். கேக் பொன்னிறமாகச் சிவக்கவும், துண்டு போட்டால் நிற்கவும் கைகொடுப்பது அந்தப் புரதம். நீங்கள் மாவில் ஊற்றியது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்.

சோயா பால் வாங்குங்கள். 100 மில்லிக்கு 3 கிராம் அளவுக்குப் புரதம் இருப்பதால், குறிப்பில் பசும்பால் எவ்வளவு சொல்லியிருக்கிறதோ அதே அளவு ஊற்றலாம். சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்றால் பட்டாணிப் புரதத்தில் செய்த பால். எதுவானாலும் சர்க்கரையோ வாசனையோ சேர்க்காததாக இருக்கட்டும். வெனிலா மணக்கும் வெள்ளை சாஸை ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஓட்ஸ் பாலில் சர்க்கரை சேர்க்காவிட்டாலும் இனிப்பு இருக்கும். தயாரிக்கும்போதே நொதிகள் அதன் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கிவிடுகின்றன. கேக்கிற்குப் பரவாயில்லை.

திரிவதற்குக் காரணம் புளிப்பும் சூடும் சேர்வது. சோயாவும் திரியும். கேக்கில் அதையே நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். 240 மில்லி சோயா பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். கரண்டியால் எடுத்து ஊற்றினால் நூலாக ஒழுகாமல் தளதளவென்று விழும். பேக்கிங் சோடா சேர்க்கும் கேக்குகளுக்கு மோருக்குப் பதில் இதுதான். பாதாம் பாலில் செய்து பாருங்கள், அந்தக் கெட்டித்தன்மை வராது.

சூப்புக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: தேங்காய்ப் பால். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் விற்கிறார்கள். டின்னில் வரும் கெட்டிப் பாலில் கொழுப்பு 17 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். குடிப்பதற்கென்று பெட்டியில் வருவதில் பெரும்பாலும் 2 சதவீதத்தைத் தாண்டாது. குறிப்பில் வெறுமனே 'தேங்காய்ப் பால்' என்று போட்டிருந்தால், எது என்று தெரியாமல் ஊற்றாதீர்கள். சூப்புக்கு வேண்டியது டின் பால். புரதம் குறைவு, கொழுப்பு அதிகம் என்பதால் தக்காளியின் புளிப்பை அது தாங்கும். அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு சேர்த்துக் கிளறுங்கள். மீண்டும் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரியும். அதே டின் பாலைக் கேக்கிற்கு எடுத்தால் சம அளவு தண்ணீர் கலந்து, வெண்ணெய்க்குப் பதிலாக நீங்கள் சேர்க்கும் எண்ணெயையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கேக் பிசுபிசுத்துக் கனத்துப்போகும். வாசனை பிடிக்குமா என்பதையும் மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் காட்டியது அநேகமாக 'பாரிஸ்டா' வகையாக இருக்கும். காபியில் திரியாமலிருக்க எண்ணெயும் டைபொட்டாசியம் பாஸ்பேட்டும் சேர்த்தது. காபிக்கு நல்லது. கேக்கிற்கு அதைத் தள்ளிவிடுவது லாபத்துக்காக. காசு வாங்கிக்கொண்டு காணொளியில் அதையே சிபாரிசு செய்கிறவர்களையும் நம்பாதீர்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 'பால் அல்லாதது' என்று முகப்பில் எழுதிய, காபியில் கலக்கும் க்ரீமர் பொடிகள் பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கிறது. அது பாலிலிருந்து எடுத்த புரதம். உங்கள் மகனுக்கு ஆகாதது அதுதான். 'லாக்டோஸ் நீக்கியது' என்று விற்பதும் பால் சர்க்கரையை மட்டும் நீக்கிய பசும்பாலே, புரதம் அப்படியே இருக்கும். 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் தாவரப் பானங்களைப் 'பால்' என்ற பெயரில் விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது; தேங்காய்ப் பாலுக்கு விலக்கு உண்டு. சோயாவுக்குப் பால் என்ற பெயர் தகுமா என்று நீதிமன்றம் வரை போகிறார்கள். பால் புரதம் கலந்த பொடி 'பால் அல்லாதது' என்று அலமாரியில் நிற்பதைத் தடுக்க ஏன் இத்தனை தயக்கம்? உண்மை பின்பக்கத்துப் பொடி எழுத்தில் கிடக்கிறது, ஒரு குழந்தையின் தாய் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே கேசீன், கேசினேட், வே (whey, பால் திரியும்போது பிரியும் நீர்), பால் திடப்பொருள் என்ற நான்கு பெயர்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, கடைக்குக் கொண்டுபோகும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கேக்கில் போடும் மார்கரின், சாக்லேட் பெட்டிகளிலும் அவற்றைத் தேடுங்கள்.