செலுத்தும் இன்சுலினை உடலே தடுக்குமா?

கேள்வி: மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம். என் தந்தைக்கு வயது 68. ஆறு மாதங்களில் அவருடைய இன்சுலின் நாளொன்றுக்கு 40 யூனிட்டிலிருந்து 110 யூனிட்டாக ஏறியும் பகலில் சர்க்கரை 300-க்குக் கீழ் இறங்கவில்லை; ஆனால் விடியற்காலையில் இருமுறை தாழ்சர்க்கரையால் வியர்த்துத் துவண்டுவிட்டார். இன்சுலினுக்கு எதிராகவே உடலில் எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கலாம் என்கிறார்கள். அப்படியும் நடக்குமா? – வாசகி ஒருவர்

பதில்: நடக்கும் அம்மா, ஆனால் இப்படிச் சிக்கல் தரும் அளவுக்கு நடப்பது அரிது. எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) என்பது அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களின் இரத்தத்தில் அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் இருப்பதை 1956-இல் நியூயார்க்கில் சாலமன் பெர்சனும் ரோசலின் யாலோவும் காட்டினார்கள். இவ்வளவு சிறிய புரதத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாகாது என்று அன்று பலரும் நம்பியதால், அவர்களுடைய கட்டுரையை ஆய்விதழ்கள் முதலில் ஏற்கவில்லை. அப்போது பயன்பட்டது மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின். மாட்டு இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து மூன்று அமினோ அமிலங்களிலும், பன்றி இன்சுலின் ஒன்றிலும் வேறுபடும். 1982-இல் மரபணு முறையில் தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு வந்த பிறகு இச்சிக்கல் வெகுவாகக் குறைந்தது, அறவே நீங்கவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைப்பது விடியற்காலைத் தாழ்சர்க்கரைதான். எதிர்ப்பொருள் இன்சுலினை அழிப்பதில்லை. பிடித்து வைத்துக்கொண்டு, சாப்பிட்ட வேளையில் உதவாமல் செய்து, வயிறு காலியாக இருக்கும் பின்னிரவில் விட்டுவிடுகிறது. ஆகவே பகல் அளவை மட்டும் பார்த்து யூனிட்டைக் கூட்டிக்கொண்டே போவது ஆபத்து.

இருந்தாலும், இதே தோற்றத்தைக் காட்டும் எளிய காரணங்களை முதலில் பார்த்துவிட வேண்டும். ஒரே இடத்தில் ஊசி போட்டுப் போட்டு வயிற்றிலோ தொடையிலோ கொழுப்புக் கட்டி தடித்திருந்தால், அங்கே செலுத்தும் மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. வெயிலில் கெட்டுப்போன மருந்து, மறைந்திருக்கும் தொற்று, ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவையும் பகல் சர்க்கரையை ஏற்றிவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் செல்லுங்கள். இன்சுலின் எதிர்ப்பொருள், சி-பெப்டைடு (உடல் தானே சுரக்கும் இன்சுலினின் அளவைக் காட்டுவது), மொத்த இன்சுலின், கட்டுறாத இன்சுலின் (எதிர்ப்பொருளிடம் சிக்காதது) ஆகியவற்றை அளந்தால் விடை தெளிவாகும். சிலருக்கு இன்சுலின் வகையை மாற்றினாலே போதும்; கடுமையாக இருந்தால், எதிர்ப்பொருள் உண்டாவதை அடக்கும் ஸ்டீராய்டு, ரிட்டுக்சிமாப் ஆகிய மருந்துகள், இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளை நீக்கும் பிளாஸ்மா மாற்றம் போன்றவற்றை நிபுணர் முடிவு செய்வார்; ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால் அவர் மேற்பார்வையில்தான்.

அதுவரை இன்சுலினை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். தாழ்சர்க்கரை வந்ததை உங்கள் மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். அதிகாலை 3 மணிக்குச் சர்க்கரையைச் சோதித்துக் குறித்து வையுங்கள். 70-க்குக் கீழே இருந்து அவருக்கு விழுங்கும் நினைவும் இருந்தால், உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் சோதியுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.