குளிக்கக் கூச்சமா? அப்பவும் போலாம்

ஜப்பானிய மொழி படிக்கத் தெரியாது, எல்லார் முன்னாடியும் வெந்நீர் ஊற்றுல குளிக்கவும் கூச்சம், அப்புறம் எதுக்கு ஜப்பான்ல மாட்சுமோட்டோ நகரத்துல இருக்கற அசாமா ஓன்சென்ங்கற வெந்நீர் ஊற்றுப் பகுதி வரைக்கும் போய் அந்தப் புத்தகக்கடையப் பாக்கணும்னு கேட்டிருந்தீங்க. அட, நீங்க பயப்படுற அந்தப் பொதுக் குளியலறைதாங்க இப்ப புத்தகக்கடையே! 1686ல ஆரம்பிச்ச கோயானகிங்கற பழைய சத்திரம், அதப் புதுப்பிச்சு மாட்சுமோட்டோ ஹோன்பாகோங்கற புத்தகக்கடையோட சேந்த ஹோட்டலா ஆக்கிருக்காங்க, தண்ணி இல்லாத தொட்டிக்குள்ள டிரெஸ்ஸோட இறங்கி உக்காந்து புரட்டலாம், சுத்தி ஷெல்ஃப்பு. பிள்ளைங்க பக்கம் தொட்டி நிறைய கலர் பந்து. படம், டிசைன் புத்தகம் பாக்க மொழி எதுக்கு? டோக்கியோ ஷின்ஜுகு ஸ்டேஷன்லேர்ந்து அசுசா ரயில்ல மாட்சுமோட்டோ போக கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம் ஆகும், அங்கேர்ந்து பஸ். தங்காதவங்கள எப்ப உள்ள விடுறாங்கன்னு மட்டும் அவங்க சைட்ல முன்னாடியே பாத்துக்கோங்க. இதுக்குன்னே டோக்கியோலேர்ந்து போய்ட்டு அன்னைக்கே திரும்புறது வீண் அலைச்சல், மாட்சுமோட்டோ கோட்டையயும் சேத்துக்கோங்க.