கட்டடம் கடைசியில்: உள்ளூர் அறிவியல், தொழில்நுட்ப நிறுவனங்களை வளர்ப்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (வட்டாரத் திட்டக்குழு உறுப்பினர்): ஐயா, நிலம் இருக்கிறது, நிதி ஒதுக்கீடும் வந்துவிட்டது. அறிவியல் பூங்கா, அதாவது ஆய்வு, தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான வளாகம் கட்டினால் நிறுவனங்கள் வருமா?

பதில்: வரலாம். அதுவரை பூங்கா காலியாகக் கிடக்கும், பராமரிப்புச் செலவு மட்டும் ஓடும். அமெரிக்காவின் ரிசர்ச் டிரையாங்கிள் பூங்காவுக்குப் பக்கத்திலேயே மூன்று பல்கலைக்கழகங்கள் இருந்தன. 1959இல் தொடங்கியும், 1965இல் கணினி நிறுவனமான ஐபிஎம் வருவதாக அறிவிக்கும்வரை அது சூடுபிடிக்கவில்லை.

தைவானின் சின்சு பூங்கா திறந்தது 1980இல். ஆனால் வேலை 1973இலேயே ஆரம்பித்துவிட்டது. அந்த ஆண்டு ஐடிஆர்ஐ என்ற தொழில் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார்கள். 1976இல் அமெரிக்க மின்னணு நிறுவனமான ஆர்சிஏவிடம் சிப் தயாரிப்பு நுட்பத்தை விலைக்கு வாங்கி, பொறியாளர்களை அங்கே பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் ஒரு சோதனை ஆலையை ஓட்டிப் பழகினார்கள். அதிலிருந்துதான் சிப் தயாரிப்பு நிறுவனங்களான யுஎம்சி 1980இலும் டிஎஸ்எம்சி 1987இலும் பிரிந்து வந்தன. குடியேற ஆள் தயாரான பிறகுதான் வாசல் திறந்தது.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ஒரு கணக்கெடுப்பு. ஏற்கெனவே இயங்கும் 30, 40 நிறுவனங்களிடம் போய், எந்த உதிரிபாகத்தை அல்லது சோதனையை வெளியிலிருந்து வாங்குகிறீர்கள், எத்தனை வாரம் காத்திருக்கிறீர்கள், ஆண்டுக்கு எத்தனை முறை என்று கேளுங்கள். முதலாளியிடம் கேட்காதீர்கள், அவர் வரியைப் பற்றியே பேசுவார். கொள்முதல் மேலாளரையும் பராமரிப்புப் பொறியாளரையும் பிடியுங்கள். ஒரே பதில் ஐந்து இடத்தில் வந்தால் அங்கே சந்தை இருக்கிறது. இன்னொரு பக்கம் ஆய்வகங்களின் பட்டியல். துறைப் பெயர் வேண்டாம்; யாரால் எதை, எவ்வளவு துல்லியமாக அளக்கவோ செய்யவோ முடியும் என்று எழுதுங்கள். இரண்டு பட்டியலும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே முதல் ரூபாயைப் போடுங்கள்.

கேள்வி (பொது ஆய்வகப் பொறுப்பாளர்): பல சிறு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள விலையுயர்ந்த கருவிகள் வாங்கப் போகிறோம். எதில் கவனம் வேண்டும்?

பதில்: கருவியைத் தேர்வு செய்யும் முன் அதை இயக்கப்போகிறவரைத் தேர்வு செய்யுங்கள். மானியம் பெரும்பாலும் வாங்கும் விலைக்கு மட்டும் கிடைக்கும். டெக்னீஷியன் சம்பளத்துக்குக் கிடைக்காது. அதனால்தான் எத்தனையோ கருவிகள் உறை போட்டபடி நிற்கின்றன. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குக் கொள்முதல் விலையில் சுமார் 10% ஒதுக்குங்கள். நுகர்பொருள், அளவுத்திருத்தம், மின்தடை ஆகியவற்றுக்கான கணக்கு தனி. எலக்ட்ரான் நுண்ணோக்கி போன்றவற்றுக்கு, பக்கத்துச் சாலையின் அதிர்வையும் லிஃப்ட்டின் காந்தப்புலத்தையும் அளந்துவிட்டு அறையை முடிவு செய்யுங்கள். நிறுவிய பிறகு கண்டுபிடித்தால் படம் மங்கலாகவே வரும், அறையை மாற்றுவதைத் தவிர வழியிருக்காது.

கட்டணத்தை மணிக்கணக்கில் வையுங்கள். இலவசம் என்றால் முன்பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பார்கள். முடிவறிக்கையை எத்தனை நாளில் தருவீர்கள் என்பதை எழுதி ஒட்டுங்கள். வாடிக்கையாளர் விலையைவிட அதைத்தான் பார்ப்பார்.

கேள்வி (பேராசிரியர்): எங்கள் ஆய்வகக் கண்டுபிடிப்பை வைத்து மாணவிகள் இருவர் நிறுவனம் தொடங்க விரும்புகிறார்கள். பல்கலைக்கழகம் 50% பங்கு கேட்கிறது. நியாயமா?

பதில்: முதலில் காப்புரிமையைப் பாருங்கள் ஐயா. கருத்தரங்கில் சுவரொட்டி வைத்தாலே வெளியீடுதான். ஐரோப்பாவில் அதன்பின் மனு போட்டால் பொதுவாகப் புதுமை போய்விட்டது என்பார்கள். அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு, ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். முதல் மனுவிலிருந்து 12 மாதத்துக்குள் பிசிடி என்ற சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தத்தின் வழியில் ஒரே மனு, பெரும்பாலான நாடுகளில் 30 மாதத்துக்குள் நாடுவாரி மனு. பெரிய செலவு அந்த 30ஆம் மாதத்தில்தான் வரும். அதற்குள் ஒரு வாடிக்கையாளராவது கிடைத்தாரா என்று பார்த்து முடிவெடுங்கள்.

இனி பங்கு. மாணவிகளுக்கு மீதி 50%. மூன்று முறை முதலீடு திரட்டி, ஒவ்வொரு முறையும் 20% கொடுத்தால் அது 40, 32, 25.6 என்று இறங்கும். ஆளுக்கு 12.8%. ஏழெட்டு வருடம் உழைக்கப் போகிறவரிடம் இவ்வளவுதான் மிஞ்சும் என்றால் முதலீட்டாளர் தொடக்கத்திலேயே ஒதுங்கிவிடுவார். பிரிட்டனில் 2023இல் அரசுக்காக நடந்த தனி ஆய்வு, உயிரியல் துறை நிறுவனங்களில் பல்கலைக்கழகம் 10 முதல் 25%, மென்பொருள் போன்றவற்றில் 10% அல்லது அதற்கும் குறைவாக வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதைக் காட்டிப் பேசுங்கள். உரிமத் தொகையை விற்பனை தொடங்கிய பிறகு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி (சிறு கருவி நிறுவனம் நடத்துபவர்): மானியம் கிடைக்கிறது அண்ணா. ஆர்டர் கிடைக்கவில்லை.

பதில்: மானியத்தைவிட முதல் ஆர்டர் மதிப்பு வாய்ந்தது தம்பி, அதைக் காட்டித்தான் இரண்டாவது ஆர்டரைக் கேட்க முடியும். உள்ளாட்சி, மருத்துவமனை, மின்வாரியம், குடிநீர் வாரியம் எல்லாம் வாங்குகிறவர்கள்தான். தடை டெண்டர் விதிகளில் இருக்கிறது: மூன்று வருட விற்றுமுதல், முந்தைய அரசுப் பணி அனுபவம், பெரிய வைப்புத்தொகை. சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள்: சிறிய சோதனைக் கொள்முதலுக்கு இந்த விதிகள் வேண்டாம், தொழில்நுட்ப அளவுகோல் மட்டும் போதும், பணம் 30 நாளில் வர வேண்டும். பணம் 120 நாள் தாமதமானால் நான்கு மாதச் சம்பளத்தைக் கடனில் கொடுக்க வேண்டியிருக்கும். நல்ல பொருள் வைத்திருக்கும் நிறுவனங்கள் மூடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி (நிதித்துறை அலுவலர்): அரசுப் பணத்தில் முதலீட்டு நிதி அமைத்தால், நஷ்டத்துக்கு உத்தரவாதம் கொடுத்துத் தனியாரை அழைக்கலாமா?

பதில்: நஷ்டத்துக்கு உத்தரவாதம், லாபத்தை விட்டுக்கொடுப்பது என்று இஸ்ரேல் இரண்டையும் செய்து பார்த்தது. 1990களின் தொடக்கத்தில் வந்த இன்பால் திட்டம் 70% வரை நஷ்டத்துக்கு உத்தரவாதம் தந்தது, எடுபடவில்லை. 1993இல் யோஸ்மா திட்டம் வந்தது: அரசின் 10 கோடி டாலரில் பெரும்பகுதி தனியாரோடு சேர்ந்த பத்து முதலீட்டு நிதிகளுக்கு, தலா சுமார் 80 லட்சம். ஒவ்வொரு நிதியிலும் அரசின் பங்கு 40% வரைதான். லாபம் வந்தால் அரசின் பங்கை அடக்கவிலையும் வட்டியும் கொடுத்து ஐந்து வருடத்துக்குள் தனியார் வாங்கிக்கொள்ளலாம். நஷ்டத்தைத் தாங்கினால் நஷ்டத்துக்கு அஞ்சாதவர் வருவார். லாபத்தை விட்டுக்கொடுத்தால் லாபம் ஈட்டத் தெரிந்தவர் வருவார். ஒரு முன்நிபந்தனை உண்டு: முதலீடு செய்யத்தக்க நிறுவனங்கள் ஏற்கெனவே இருக்க வேண்டும். அங்கே இருந்தன.

கேள்வி (மனிதவள மேலாளர்): பயிற்சி கொடுத்த ஆட்கள் போட்டி நிறுவனத்துக்குப் போகிறார்கள். போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று தடை ஒப்பந்தம் போடலாமா?

பதில்: உங்கள் நிறுவனத்துக்கு வசதி, வட்டாரத்துக்கு நஷ்டம். கலிபோர்னியா 1872 முதலே இத்தகைய ஒப்பந்தங்களை ஏற்பதில்லை. 1957இல் அங்கே ஷாக்லி என்ற டிரான்சிஸ்டர் நிறுவனத்தை விட்டு எட்டுப் பேர் வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். ஃபேர்சைல்டிலிருந்து கிளம்பியவர்கள் 1968இல் இன்டெலையும் 1969இல் ஏஎம்டியையும் தொடங்கினார்கள்; இரண்டும் சிப் நிறுவனங்கள். ரகசியம் காக்கும் ஒப்பந்தம் மட்டும் போட்டு, ஊழியருக்குப் பங்கு கொடுங்கள்.

கேள்வி (உள்ளூர் இதழாளர்): ஒரு தொழில்நுட்ப வேலை ஐந்து வேலையை உருவாக்கும் என்கிறார்களே?

பதில்: அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து பொருளியலாளர் என்ரிகோ மொரெட்டி சொன்ன கணக்கு அது. நீண்ட காலத்தில் நடப்பது, உள்ளூர்ச் சேவைகளில் நடப்பது. நிறுவனம் வெளியே விற்று உள்ளே செலவழித்தால்தான் நடக்கும். வீடுகள் போதுமான அளவு கட்டப்படாவிட்டால் கூடுதல் வருமானம் வாடகையாகவே போய்விடும். திட்ட விண்ணப்பத்தில் இந்த ஐந்தைப் பெருக்கிப் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். ஆண்டுதோறும் மூன்றைக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்: வட்டாரத்துக்கு வெளியே நடந்த விற்பனை எவ்வளவு, மானியம் நின்று மூன்றாண்டு கழித்தும் எத்தனை நிறுவனம் ஓடுகிறது, புது நிறுவனங்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர் மையத்தை விட்டு வெளியேறியவை எங்கே இடம் எடுத்தன.